திருப்பூர் அச்சு வடிவமைப்புக் கூடத்தில் ஓட்ராய்டு எச்சி4

பல கணினிகளுக்கும் பொதுவாகக் கோப்புகளை வைத்துக்கொள்ள உதவும் சிறு வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியை, வழக்கில் நாஸ் எனப்படுவதை, வாங்க வருபவர் எத்தனை டெராபைட், என்ன விலை, எத்தனை ஆண்டு வாரண்டி என்றுதான் முதலில் விசாரிக்கிறார். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதைச் செய்த நிறுவனம் கைவிட்ட பிறகும், லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தின் புதிய கெர்னலை, அதாவது வன்பொருளை இயக்கும் அதன் மையப் பகுதியை, இதில் நாமே ஏற்றிக்கொள்ள முடியுமா? திருப்பூரில் பின்னலாடைகளுக்கு அச்சு வடிவமைப்பு செய்து கொடுக்கும் ஒரு சிறு கூடத்தில் நான் நிறுவி, தொடர்ந்து பராமரித்து வரும் ஓட்ராய்டு எச்சி4 (ODROID-HC4) என்ற, கைபேசிகளில் இருப்பது போன்ற ஆர்ம் வகைச் செயலி கொண்ட கருவியை இந்தக் கேள்வியை வைத்தே இங்கே எடைபோடுகிறேன். அந்தக் கேள்விக்கு இக்கருவி நல்ல விடை தருகிறது. ஆனால் பஞ்சு பறக்கும் ஊரில் வைத்துப் பயன்படுத்த ஏற்ற உடலமைப்பு இதற்கு இல்லை. இரண்டையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கூடத்தில் இதற்கு முன்பு இருந்த பெட்டியின் வன்தட்டுகள் நல்ல நிலையில் இருந்தன, மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் பதிந்து வரும் மென்பொருள், விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை மட்டுமே பேசியது. 2017 இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் அந்த முதல் பதிப்பு இயல்பாக இயங்குவதில்லை. எனவே கூடத்துக்குப் புதுக் கணினி வரும்போதெல்லாம், பாதுகாப்பற்றது என்று விலக்கப்பட்ட ஒன்றை வலிந்து இயக்கிக் கொடுத்தால்தான் பகிர்வுக் கோப்புறை கண்ணில் பட்டது. பெட்டியைச் செய்தவர்கள் புதுப்பிப்பு வெளியிடுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். இரும்பில் குறையில்லாத ஒரு பொருள் மென்பொருள் மூப்பால் செத்துப்போவது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது, அதனால் இழப்பவர்கள் சிறு தொழில் செய்பவர்கள்தாம்.

இது ஒரு கூடத்தின் கதை மட்டுமன்று. டி-லிங்க் நிறுவனத்தின் டிஎன்எஸ்-320எல், டிஎன்எஸ்-325, டிஎன்எஸ்-327எல், டிஎன்எஸ்-340எல் ஆகிய பெட்டிகளில், நிரலுக்குள்ளேயே பதிக்கப்பட்ட ஒரு கணக்கைக் கொண்டு வெளியிலிருந்து கட்டளைகளை ஏவ முடிகிற ஓட்டை ஒன்று இருப்பது 2024 ஏப்ரலில் வெளியானது. அவற்றின் ஆயுட்காலம் முடிந்துவிட்டது, திருத்தம் வராது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே நிறுவனத்தின் பதிலாக இருந்தது. ஆனால் டிஎன்எஸ்-320, டிஎன்எஸ்-325 ஆகியவற்றுக்கான வன்பொருள் விவரிப்புக் கோப்பு, அதாவது டிவைஸ் ட்ரீ, லினக்ஸ் கெர்னலின் மூல மரத்திலேயே இருக்கிறது. ஆல்ட்-எஃப் என்னும் மாற்று ஃபர்ம்வேரும் இவ்வகைப் பெட்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. கையில் அத்தகைய பெட்டி வைத்திருப்பவர் சற்று உழைத்தால் அதன் ஆயுளை நீட்டிக்கொள்ளலாம் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

சிறு ஆர்ம் பெட்டிகளில் லினக்ஸை நாமே ஏற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு இருபது ஆண்டு வயதாகிவிட்டது. 2004-இல் லின்க்சிஸ் வெளியிட்ட என்எஸ்எல்யூ2 என்ற கையடக்கக் கருவியில் இன்டெலின் எக்ஸ்ஸ்கேல் செயலியும் 32 மெகாபைட் நினைவகமும் 8 மெகாபைட் ஃபிளாஷும் இரண்டு யூஎஸ்பி துறைகளும் இருந்தன. ஆர்வலர்கள் அதற்கென்றே தனி ஃபர்ம்வேர்களை எழுதினார்கள். லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியனின், 2007-இல் வந்த 4.0 பதிப்பு அதை முறைப்படி ஆதரித்தது. பின்னர் மார்வெல் நிறுவனத்தின் ஓரியன், கிர்க்வுட் செயலிகளைக் கொண்ட கியூநாப், சைக்செல், டி-லிங்க் பெட்டிகள் அந்த வரிசையில் சேர்ந்தன. அவையெல்லாம் ஆர்மெல் எனப்படும் பழைய 32-பிட் பிரிவைச் சேர்ந்தவை. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் அப்பிரிவுக்கு நிறுவல் நிரலே கிடையாது, ஆர்மெல் இடம்பெறும் கடைசிப் பதிப்பும் அதுதான். ஆகவே பழைய பொருள் கடையில் கிர்க்வுட் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தால், கற்றுக்கொள்வதற்காக வாங்கலாம். தொழிலின் கோப்புகளை நம்பி ஒப்படைப்பதற்காக இனிமேல் வாங்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு 64-பிட் ஆர்ம்தான் தகுந்தது. 32-பிட் கெர்னல் ஒரே கோப்பு முறைமையில் 16 டெபிபைட்டுக்கு (ஏறத்தாழ 17.6 டெராபைட்) மேல் கையாள முடியாது என்ற தடையும் 64-பிட்டில் இல்லை.

தென்கொரியாவின் ஹார்ட்கெர்னல் நிறுவனம் 2020-இல் எச்சி4-ஐ வெளியிட்டது. ஆம்லாஜிக்கின் எஸ்905எக்ஸ்3 சில்லு, அதில் நான்கு கார்டெக்ஸ்-ஏ55 கருக்கள், 4 ஜிபி நினைவகம், ஒரு கிகாபிட் ஈதர்நெட் துறை, ஒரு எச்டிஎம்ஐ, ஒரே ஒரு யூஎஸ்பி 2.0 துறை, ஒரு மெமரி கார்டு துளை. மேற்புறத்தில் வன்தட்டுகளை இணைக்கும் இரண்டு சாட்டா துளைகள் இருக்கின்றன. வன்தட்டுகளைச் செங்குத்தாக அவற்றில் செருகி நிறுத்தினால் போதும், திருகாணி தேவையில்லை. முன்புறத்தில் சிறு திரை கொண்ட வகையும் உண்டு. கருவியின் ஐபி முகவரியையும் வெப்பநிலையையும் அதில் காட்டச் செய்யலாம், வேண்டாதவர் திரையில்லாததையே வாங்கலாம்.

இதன் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, சாட்டா இணைப்பு உண்மையானது என்பதே. இதே நிறுவனத்தின் முந்தைய எச்சி1, எச்சி2 கருவிகளில் வன்தட்டு ஒரு யூஎஸ்பி மாற்றிச் சில்லின் வழியாகத்தான் இணைந்தது. யூஎஸ்பி மாற்றிகளில், பளு கூடும்போது தட்டு திடீரென்று இணைப்பை இழப்பதும், சில மாற்றிகளுக்கு யூஏஎஸ் என்ற வேகப் பரிமாற்ற முறையை அணைத்து வைக்க வேண்டியிருப்பதும் இந்த வேலையில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்த தொல்லைகள். எச்சி4-இல் ஏஎஸ்எம்1061 என்ற சாட்டா கட்டுப்படுத்தி பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகச் செயலியோடு பேசுகிறது. கெர்னல் அதை மேசைக் கணினியில் இருக்கும் சாட்டாவைப் போலவே ஏஎச்சிஐ என்ற பொதுவான ஓட்டு நிரலால் இயக்குகிறது. தட்டின் உடல்நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் விவரங்களை எந்தச் சுற்றுவழியும் இல்லாமல் படிக்க முடிகிறது. தட்டு பழுதாகப் போவதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பெட்டியில் இது ஆடம்பரம் அன்று, அடிப்படைத் தேவை.

நிறுவும் வேலையைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், முதல்முறை செய்பவர் திகைத்து நிற்கும் இடம் அதுதான். கருவியின் பலகையிலேயே உள்ள எஸ்பிஐ ஃபிளாஷ் என்ற சிறு நினைவகச் சில்லில் பெட்டிட்பூட் என்ற தொடக்க நிரலை நிறுவனமே ஏற்றி அனுப்புகிறது. அது தானே ஒரு சிறு லினக்ஸ். எச்டிஎம்ஐ திரையில் பட்டியல் காட்டி, இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நிறுவனத்தின் சொந்த உபுண்டுவை நிறுவுபவருக்கு இது வசதியானது. ஆனால் அந்த உபுண்டுவின் அடியில் இருப்பது நிறுவனம் தன் போக்கில் திருத்தி வைத்த பழைய 4.9 கெர்னல். பெட்டியின் ஆயுள் கெர்னலில் இருக்கிறது என்று நம்புகிறவர் அதில் நிற்கக்கூடாது. லினக்ஸ் திட்டமே வெளியிடும் பொதுவான கெர்னலோடு, அதாவது மெயின்லைன் கெர்னலோடு, வரும் ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை மெமரி கார்டில் எழுதி, கருவியின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், பெட்டிட்பூட்டைத் தாண்டி நேராகக் கார்டிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு முறையும் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, அதிலும் மின்தடைக்குப் பின் ஆளில்லாத நேரத்தில் தானே எழ வேண்டிய பெட்டி இது. எனவே எஸ்பிஐ ஃபிளாஷில் இருக்கும் பெட்டிட்பூட்டை அழித்துவிடுவதே நிரந்தர வழி. அழித்ததை மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது என்பதால் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு யூஎஸ்பி-சீரியல் கம்பி கையில் இருப்பது நல்லது. பலகையில் நான்கு ஊசி கொண்ட சீரியல் இணைப்பி இருக்கிறது. 3.3 வோல்ட் மட்டத்தில் வேலை செய்யும் சிபி2102 வகைத் தொகுதிகள் கோவை காந்திபுரத்து மின்னணு உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் இணைத்துவிட்டால், கருவி எழுகிற முதல் நொடியிலிருந்து அது என்ன நினைக்கிறது என்பதை எழுத்தில் படிக்கலாம். திரை இல்லாத சிறு பெட்டிகளில் லினக்ஸ் ஏற்றுபவருக்கு இந்தக் கம்பியைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆர்ம்பியன் எழுந்த பிறகு ஓபன்மீடியாவால்ட்டை அதன் மேல் நிறுவிக்கொள்ளலாம். டெபியனை அடித்தளமாகக் கொண்ட அந்த மென்பொருள், பயனர் கணக்கு, பகிர்வுக் கோப்புறை, தட்டு கண்காணிப்பு எல்லாவற்றையும் உலாவியில் திறக்கும் ஒரு பக்கத்திலிருந்தே நடத்த உதவுகிறது. கூடத்தில் கணினி அறிந்த ஒருவர் இருந்தால் அன்றாட வேலைகளை அவரே பார்த்துக்கொள்ள முடியும். நான் அதை நிறுவாமல், லினக்ஸ் கோப்புறைகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் சாம்பா என்ற நிரலை நேராக அமைத்துக் கொடுத்தேன். எட்டுப் பத்துப் பேர் புழங்கும் இடத்துக்கு ஒரே அமைவுக் கோப்பு போதுமானது, பின்னாளில் படித்துப் புரிந்துகொள்வதும் எளிது.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிகாபிட் கம்பியில் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்தான் போக முடியும். இந்தக் கருவி அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. இரண்டு தட்டுகளும் ஒரே பிசிஐ தடத்தைப் பகிர்ந்துகொண்டாலும் அதன் கொள்ளளவு கம்பியின் கொள்ளளவைவிடப் பன்மடங்கு பெரியது. ஒரு ஜிபி அளவுள்ள அடுக்கடுக்கான போட்டோஷாப் கோப்பு பத்து நொடிக்குள் திறக்கும் கணக்கு இது. வைஃபையில் இணைந்த மடிக்கணினியிலிருந்து பார்த்து மெதுவாக இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் பெட்டியைக் குறைசொல்ல வேண்டாம். மறையாக்கமும் வேகத்தைக் கெடுப்பதில்லை. இச்செயலியில் ஏஇஎஸ் கணக்கைச் செய்யும் ஆர்ம்வி8 மறையாக்கக் கட்டளைகள் உள்ளன. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் 4-ஆம் பதிப்பில் அவை இல்லை, பை 5-இல்தான் வந்தன. வெளிநாட்டு வாங்குநர்களின் அடுத்த பருவ வடிவங்கள் வெளியே கசியக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் ஊரில், தட்டைத் திருடிச் சென்றவரால் எதையும் படிக்க முடியாது என்ற உறுதிக்கு மதிப்பு அதிகம். மின்தடைக்குப் பின் எழுகிறபோது யாராவது கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு இருக்கின்றன. இவை எச்சி4-க்கு மட்டும் உரியவை அல்ல, லினக்ஸ் ஓடும் எந்தப் பெட்டிக்கும் பொருந்துபவை. ஆயினும் பெட்டியை மாற்றும் நாளில்தான் முகத்தில் அடிக்கின்றன.

ஒன்று, நீளம். லினக்ஸின் எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. 'கி' என்னும் ஓரெழுத்து, மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறிகள் என்பதால் ஆறு பைட். ஆக 85 குறிகளுக்குமேல் போக முடியாது. நம் எழுத்துக்கணக்கில் அது ஐம்பதை ஒட்டி நின்றுவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 குறிகள் வரை ஏற்கும். வாங்குநர் பெயர், ஸ்டைல் எண், துணியின் நிறம், மார்பிலா முதுகிலா என்பது, எத்தனையாவது திருத்தம் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் தமிழில் எழுதிவைக்கும் பழக்கம் உள்ள கூடத்தில், விண்டோஸ் கணினியிலிருந்து நகலெடுக்கும்போது அத்தகைய கோப்புகள் மட்டும் ஏறாமல் நின்றுவிடும். நகலெடுத்து முடிந்ததும் இருபக்கக் கோப்பு எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

இன்னொன்று நுட்பமானது. 'கோவை' என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைத்தால், அதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்று சொல்கிறது, திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் லினக்ஸின் கோப்பு முறைமைகள் பெயரை வெறும் பைட் வரிசையாகவே ஒப்பிடுகின்றன. பழைய எச்எஃப்எஸ்+ வடிவில் இருக்கும் மேக் தட்டுகள் பிரித்தெழுதிய வடிவத்தைச் சேமிப்பவை. அவற்றிலிருந்து கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு நிரலால் கொண்டுவந்தால் பிரித்தெழுதிய பெயர்களே வந்து சேரும். விண்டோஸ் பயன்படுத்தும் மற்றொருவர் அதே பெயரில் கோப்புறை உருவாக்கினால், ஒரே இடத்தில் இரண்டு 'கோவை' நிற்கும், ஒன்றில் பாதிக் கோப்புகள், மற்றதில் மீதி. ஒகர, ஓகார, ஔகார வரிசை உயிர்மெய் எழுத்துகள் வரும் பெயர்கள் அனைத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கொங்கு, கோவை, கோபி, பொள்ளாச்சி என்று நம் பக்கத்து ஊர்ப்பெயர்களிலேயே எத்தனை அகப்படுகின்றன என்று பாருங்கள். கான்வ்எம்வி என்ற சிறு நிரலை என்எஃப்சி விருப்பத்தோடு ஓட்டினால் எல்லாப் பெயர்களும் சேர்த்தெழுதிய வடிவத்துக்கு மாறிவிடும். நகலெடுத்த உடனே, யாரும் புழங்கத் தொடங்குவதற்கு முன்பு இதைச் செய்துவிட வேண்டும்.

இனி உடலமைப்பு. எச்சி4-இல் தட்டுகள் முழுவதும் திறந்த வெளியில் நிற்கின்றன. மூடி என்று எதுவும் கிடையாது. தையல், கட்டிங், பிரிண்டிங் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே வடிவமைப்பு அறையும் இருக்கும் திருப்பூர்க் கட்டடங்களில் பஞ்சுத் துகள் காற்றோடு கலந்தே இருக்கிறது. அது முதலில் கூட்டுக்குள் இருக்கும் விசிறியிலும் வெப்பத் தகட்டின் இடுக்குகளிலும் படிகிறது. பிறகு தட்டுகளின் மேல் மெல்லிய போர்வையாகப் படர்ந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. ஒரே தட்டை வைத்துப் பயன்படுத்துபவர் வெறுமையாய் இருக்கும் மற்றத் துளையைக் கட்டாயம் மூடி வைக்க வேண்டும். அந்தப் பிளவுக்குள் இறங்கும் துகள் மின்தொடர்பு முனைகளில் போய் உட்காரும். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் வைப்பவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அத்தோடு, மூன்றரை அங்குலத் தட்டுகள் இரண்டைச் செங்குத்தாக நிறுத்தியபின் கருவியின் எடையெல்லாம் மேலே போய்விடுகிறது. அடியில் இருப்பதோ இலேசான பிளாஸ்டிக் கூடு. மேசையில் கைபட்டால் ஆடும், ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டுக்கு ஆட்டம் ஆகாது. இந்த விலையில் ஒரு தாங்கு சட்டத்தையாவது சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின்மேல் நான் வைக்கும் முதன்மையான குறை. கூடத்தில் இதை ஒரு சிறிய சுவர் அலமாரிக்குள் தரையோடு பிணைத்து வைத்து, கதவின் கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் காற்றோட்டத் துளை போட்டு, அத்துளைகளுக்குக் கழுவி மாட்டக்கூடிய நுண்வலையைப் பொருத்தியிருக்கிறோம். ஆயுத பூசைக்குக் கருவிகளைத் துடைக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்ளாமல், மாதந்தோறும் அந்த வலையைக் கழுவுவதை வேலைப்பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். கோடையில் கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்களில் அலமாரிக்குள் வெப்பம் ஏறும் என்பதால், ஸ்மார்ட் கண்காணிப்பில் தட்டு 50 பாகையைத் தொட்டதும் மின்னஞ்சல் வரும்படி அமைத்துக்கொள்வது நல்லது. விசிறியின் வேகத்தை வெப்பநிலையோடு இணைத்து ஏற்றி இறக்கவும் லினக்ஸில் வழி இருக்கிறது. முதல் வாரத்திலேயே அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மின்செலவு இதன் பெரிய பலம். பலகை எடுத்துக்கொள்வது மிகக் குறைவு, செலவின் பெரும்பங்கு சுழலும் தட்டுகளுக்கே போகிறது. எல்லாம் சேர்ந்து சராசரி 15 வாட் என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடி இரண்டு மாத மின்கணக்குக்கு 21.6 யூனிட் ஆகும். சர்வராக வைத்திருக்கும் பழைய மேசைக் கணினி 60 வாட் இழுப்பதாகக் கொண்டால் அதே காலத்துக்கு 86.4 யூனிட். தட்டுகள் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் மட்டும் தேவை பலமடங்கு கூடும் என்பதால்தான் 15 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டரைக் கேட்கிறது இக்கருவி. இந்த 15 வோல்ட் ஒரு சிறு இடைஞ்சலும்கூட. வைஃபை ரவுட்டருக்கென்று கடைகளில் விற்கும் 12 வோல்ட் சிறு யூபிஎஸ்களில் இதை இணைக்க முடியாது.

மின்வாரியம் பராமரிப்புக்காக அறிவித்துவிட்டுக் காலையிலிருந்து மாலை வரை நிறுத்தும் ஷட்டவுன் நாட்களில் எந்தச் சிறிய யூபிஎஸ்ஸும் தாக்குப்பிடிக்காது. பேட்டரி தீரும் முன் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துகொள்ள வேண்டும். நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள் அந்த வேலையைச் செவ்வனே செய்கிறது. ஆனால் அதற்கு யூபிஎஸ்ஸிலிருந்து ஒரு யூஎஸ்பி கம்பி வர வேண்டும். நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ்கள் பலவற்றில் அந்தத் துறையே இருப்பதில்லை, கேட்டு வாங்க வேண்டும். கம்பியை இணைத்தபின் கருவியின் ஒரே யூஎஸ்பி துறையும் நிரம்பிவிடும். காப்பு நகல் எடுக்க வெளித்தட்டு ஒன்றைச் செருக வேண்டுமென்றால், தனி மின்சாரம் பெறும் ஹப் தேவைப்படும். அதன் வழியாகவும் யூஎஸ்பி 2.0 வேகம்தான். ஒரு டெராபைட் நகலெடுக்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். 2020-இல் வெளிவந்த ஒரு சேமிப்புக் கருவியில் யூஎஸ்பி 3.0 இல்லாதது எனக்கு ஏற்புடையதன்று.

தட்டுகளை அமைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தட்டுகளையும், ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும்படி, பிடிஆர்எஃப்எஸ் ரெயிட்-1 ஆகச் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால், மாதம் ஒருமுறை முழுவதையும் படித்துச் சரிபார்க்கும்போது ஒரு தட்டில் கெட்டுப்போன துண்டை மற்றதிலிருந்து அதுவே திருத்திக்கொள்கிறது. மணிக்கு ஒருமுறை எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது அந்தந்த நேரத்துக் கோப்பு நிலையின் பதிவுகளை, சாம்பா வழியாகக் காட்டினால், விண்டோஸில் கோப்பின் பண்புகளில் முந்தைய பதிப்புகள் என்ற பகுதியில் அவை வந்து நிற்கும். முடித்த வடிவத்தின்மேல் தவறுதலாக வேறொன்றைச் சேமித்துவிட்ட வடிவமைப்பாளர், யாரையும் கேட்காமல் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய கோப்பை மீட்டுக்கொள்கிறார். கூடத்தில் இந்தக் கருவியைப் பற்றி எல்லோரும் மனமாரப் பாராட்டுவது இதைத்தான். பிழைதிருத்தும் ஈசிசி நினைவகம் எச்சி4-இல் இல்லை, அது கட்டாயம் வேண்டும் என்பவர் வேறு இடம் பார்க்க வேண்டும்.

கூடத்தின் உரிமையாளர் முதல் நாள் கேட்ட கேள்வி நினைவில் நிற்கிறது. "ஏனுங்க தம்பி, பொட்டி போச்சுன்னா உள்ள இருக்கறதும் போயிருமுங்களா?" என்றார். "போகாதுங்கண்ணா, தட்டைக் கழட்டி லினக்ஸ் இருக்கற எந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டுனாலும் படிக்குமுங்க" என்றேன். அவருக்கு முன்னாலேயே ஒரு தட்டை எடுத்து மேசைக் கணினியில் இணைத்துக் காட்டிய பிறகுதான் பழைய பெட்டியை அணைக்கச் சம்மதித்தார். இப்படிக் கேட்பவர் அனைவருக்கும் இதைச் செய்து காட்ட முடிகிறது என்பது, திறந்த மென்பொருளில் ஓடும் பெட்டிக்கே உரிய வலிமை. ஆயினும் ரெயிட் இருக்கிறது என்று காப்பு நகலை விட்டுவிடக்கூடாது. இரவில் ஆர்சிங்க் வழியாக மற்றொரு தட்டுக்கு நகல் போகிறது, வாரக் கடைசியில் அந்தத் தட்டு உரிமையாளரின் வீட்டுக்குப் போய்விடுகிறது.

இதற்கு மாற்றாக எதை வாங்கலாம் என்று கேட்டால், ராஸ்பெர்ரி பை 5-ஐ முதலில் சொல்வேன். இந்தியாவிலேயே முறையான விற்பனையாளர்களிடம் கிடைக்கிறது. வெளியே நீட்டப்பட்ட ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தில் சாட்டா பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கூடு, தட்டுகளுக்கான 12 வோல்ட் மின்சாரம் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேடிப் பொருத்த வேண்டியிருக்கும். கணினி வேலை தெரிந்த ஆள் எவருமே இல்லாத இடத்துக்குச் சினாலஜி போன்ற ஆயத்தப் பெட்டிதான் நல்லது. அதன் மென்பொருள் மிகவும் பண்பட்டது. டிஎஸ்220ஜே போன்ற ரியல்டெக் சில்லு கொண்ட பெட்டிகளில், பின்னாளில் பொதுவான டெபியனை ஏற்றிக்கொள்வது எளிதன்று என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

ஐந்து தட்டுகளும் ஆர்கே3399 செயலியும் கொண்ட ஹீலியோஸ்64-ஐ வெளியிட்ட கோபோல் (Kobol) குழு 2021-இல் கடையை மூடிவிட்டது. அந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்றும் மெயின்லைன் கெர்னலையும் ஆர்ம்பியனையும் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் முதல் கேள்விக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. எச்சி4-க்கான டிவைஸ் ட்ரீயும் கெர்னலின் மூல மரத்தில் இருப்பதால், ஹார்ட்கெர்னல் நாளை இதை நிறுத்தினாலும் இதே நிலைமைதான் என்று நம்பி வாங்கலாம்.

வாங்குபவர் சேவை மையத்தை எதிர்பார்க்கக்கூடாது. கொரியாவிலிருந்து தருவித்தால் சுங்கவரியும் சேரும். பலகையோடு ஒரு உதிரி அடாப்டரையும் அதே பொதியில் வரவழைத்துக்கொள்ளுங்கள், 15 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டர் உள்ளூரில் அவசரத்துக்குக் கிடைப்பது அரிது. அமைத்து முடித்த மெமரி கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகலெடுத்து, என்ன தேதியில் எடுத்தது என்று எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். கார்டு பழுதானால் கூடத்தில் இருக்கும் எவரும் மாற்றிச் செருகி ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடரலாம்.